கடலில் வந்த காலை ஷிப்ட்

ஆயுத பூஜைக்கு மெஷினில் எலுமிச்சம்பழம் கட்ட வந்தவர்களிடம், அதைப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு ஊசிக்கு எண்ணெய் விடுங்கள் என்று சொன்ன ஆள் நான். முப்பது வருஷத்துக்கு மேல் திருப்பூரில் நிட்டிங் மெக்கானிக். வட்டமாகச் சுற்றிக்கொண்டே பனியன் துணி பின்னுகிற மெஷின் ஒன்று நின்றுவிட்டது என்றால் நூல் அறுந்திருக்கும், ஊசி ஒடிந்திருக்கும், இல்லாவிட்டால் கரண்ட் போயிருக்கும். நாலாவதாக ஒரு காரணத்தை நான் பார்த்ததில்லை. கண் பட்டுவிட்டது, காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும், எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். அதனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

திருப்பூர்க்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் கேட்பீர்கள். ஒன்றுமில்லை. குன்னத்தூர்ப் பக்கம் பிறந்தவன், கிணற்றில் நீச்சல் பழகியதோடு சரி. பல வருஷம் கம்பெனிகளில் வேலை பார்த்து, அப்புறம் சொந்தமாக நாலு மெஷின் போட்டு ஓட்டினேன். ஆர்டர் குறைந்தது, மெஷின்களை விற்றேன், ஐம்பத்தைந்து வயதில் மொரீஷியஸ் தீவில் ஒரு துணிக் கம்பெனிக்கு இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் மெக்கானிக்காகப் போனேன். அங்கே ஒரு பிரெஞ்சுக்காரர் தன் பாய்மரப் படகின் என்ஜினைச் சரிசெய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார். போய்ச் சரிசெய்து கொடுத்தேன். அவர் ஞாயிறுதோறும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார், பாயை எப்படி இழுப்பது, சுக்கானை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். எனக்கு அது மெஷின் மாதிரியேதான் தெரிந்தது. காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது, தண்ணீர் ஒரு பக்கம் தடுக்கிறது, நடுவில் படகு போகிறது, அவ்வளவுதானே. இரண்டு வருஷத்தில் நன்றாகவே பழகிவிட்டேன். அவர் ஊரைவிட்டுப் போகும்போது படகு என் தலையில் விழுந்தது. வாங்க வேறு ஆளில்லை, அவ்வளவு சின்னப் படகு. நம் ஊர்ச் சந்தில் ஓடுகிற சின்ன யானை லோடு வண்டி இரண்டை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் வருகிற நீளம்கூடக் கிடையாது. உள்ளே ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், எழுந்தால் தலை இடிக்கும்.

ஒப்பந்தம் முடிந்ததும் அந்தப் படகிலேயே தனியாகக் கொச்சிக்கு வருவதாக முடிவு செய்தேன். இதைப் போனில் சொன்னபோது என் வீட்டுக்காரி சரோஜா முதலில் டிக்கெட்டைப் பற்றித்தான் கேட்டாள்.

“ஏனுங்க, கம்பெனியில பிளேன் டிக்கெட்டு குடுக்கறாங்கன்னு சொன்னீங்கல்லங்க?”

“குடுக்கறாங்க.”

“அப்பறம் எதுக்குங்க இந்த வேலை? அக்கம்பக்கத்துல கேட்டா என்னன்னு சொல்றது? ஊட்டுக்காரரு கடல்ல வந்துட்டு இருக்காருன்னா சொல்றது?”

“முப்பது வருசமா காதுக்குள்ள மெஷினு ஓடுது சரோஜா. ஒரு மாசம் சத்தமில்லாம இருக்கோணும். அவ்வளவுதான்.”

“சத்தந்தான் பிரச்சனையின்னா நான் ஒரு வருசம் வாயே தொறக்கலீங்க. பிளேன்லயே வாங்க.”

சிரித்துவிட்டேன். ஆனால் பிளேனில் வரவில்லை. இப்போது நினைத்தால் பெரிய திமிர் என்று தோன்றுகிறது. அப்போது எனக்குக் களைப்பு மட்டும்தான் இருந்தது, அந்தக் களைப்புக்கு ஊரில் மருந்தில்லை என்று ஒரு எண்ணம்.

ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்பினேன். மழைக்காற்று தொடங்குவதற்குள் கொச்சியைப் பிடித்துவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் காற்று முதுகில் அடித்தது, படகு பறந்தது. சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்று போனவனுக்குக் கிடைத்த தண்டனையைக் கேளுங்கள், கடல் மாதிரிச் சத்தம் போடுகிற வஸ்து உலகத்தில் கிடையாது. உள்ளே படுத்தால் காதுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு விரல் தடிமனுக்குப் பலகை. அதில் தண்ணீர் உரசிக்கொண்டு போகிற சத்தம் அச்சு அசலாக நிட்டிங் மெஷின் ஓடுகிற சத்தம். காசு கொடுத்துக் கடலுக்கு நடுவில் போய் நைட் ஷிப்ட் பார்க்கிற மாதிரி இருந்தது.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. தனியாக வருகிறவன் தொடர்ந்து தூங்க முடியாது. அடிவானத்தில் ஒரு கப்பல் தலைகாட்டினால் அது நம் மேல் வந்து ஏற இருபது இருபத்தைந்து நிமிஷம் போதும். அதனால் இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைத்துத் தூங்கி, எழுந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி இருபது நிமிஷம். படகை அந்த நேரத்தில் ஓட்டுவதற்குச் சுக்கானில் மாட்டுகிற ஒரு சின்ன மோட்டார் இருந்தது. திசையைச் சொல்லிவிட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும். நிலநடுக்கோட்டைத் தாண்டி மாலத்தீவுக்குக் கிழக்கே வந்துகொண்டிருந்தபோது அது செத்துப்போனது. பிரித்துப் பார்த்தேன், உள்ளே உப்புத் தண்ணீர் இறங்கிக் கம்பிச்சுருள் எரிந்திருந்தது. இதை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. முப்பது வருஷ மெக்கானிக்குக் கடவுள் வைத்த பரீட்சை என்று சொல்லலாம், எனக்குத்தான் கடவுள் விஷயத்தில் அவ்வளவு பிடிப்பில்லை.

அதற்கப்புறம் சுக்கானை நானே பிடிக்க வேண்டும். விட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படகின் சுக்கானை விட்டால் படகு தானாகக் காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும், பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். காற்று இடது பக்கத்திலிருந்து வந்தால் இடது பக்கம்தான் திரும்பும். கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தேன், பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அப்போது நான் இருந்த இடமோ இலங்கைக்குத் தெற்கிலிருந்து அரபிக்கடலுக்குப் போகிற கப்பல்களின் பாதை. அவிநாசி ரோட்டைக் குறுக்கே கடக்கிற மாதிரி. ஆனால் இங்கே வருகிறவை கண்டெய்னர் லாரி இல்லை, கண்டெய்னரை ஆயிரக்கணக்கில் சுமந்து வருகிற கப்பல். பாயைச் சுருட்டிவிட்டு மிதந்துகொண்டே தூங்கலாம்தான், ஆனால் ரோட்டின் நடுவில் பாய் விரித்துப் படுப்பதற்கு அது சமம். அந்தப் பாதையைத் தாண்டும்வரை தூங்கக்கூடாது, தூங்கினால் வீடு போய்ச் சேர மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இரண்டு ராத்திரி, மூன்று பகல் கண்ணை மூடவில்லை. மூன்றாம் நாள் சுக்கானைப் பிடித்திருந்த கை என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. உதடு வெடித்து ரத்தம், மூக்கில் தோல் உரிந்து தொங்குகிறது, அலை தெறித்துச் சட்டை காய்வதே இல்லை, காலில் செருப்பு போட்டால் புண்ணில் உப்பு எரிகிறது என்று அதையும் கழற்றி எறிந்துவிட்டேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. சரோஜாவை நினைத்து அழவில்லை. தூக்கத்துக்காக அழுதேன்.

அன்று பகலில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இதை நான் சரோஜாவிடம்கூடச் சொன்னதில்லை.

நிட்டிங்கில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், காலை எட்டுக்கு மாறும், ராத்திரி எட்டுக்கு மாறும். நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்த ஆள் வந்து மெஷினில் கை வைத்து, “உடு, நான் பாத்துக்கறேன்” என்று வாயால் சொல்லாமல் பழைய ஆள் நகரக் கூடாது. அதற்கு முன் மெஷினில் என்னென்ன கோளாறு இருக்கிறது என்று பழைய ஆள் ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் நடப்பதெல்லாம் புது ஆளின் பொறுப்பு. சொல்லாமல் போய் ஏதாவது ஆனால் போனவனின் பொறுப்பு. எழுதி வைத்த சட்டம் ஒன்றுமில்லை, ஆனால் இதை மீறினவனோடு யாரும் சேர்ந்து டீ குடிக்க மாட்டார்கள். அவ்வளவு மானப் பிரச்சனை.

எனக்கு அப்போது முப்பத்துச் சொச்சம் வயது, கல்யாணமான புதுசு. சரக்கு கப்பலுக்குப் போக வேண்டிய அவசரம், தொடர்ந்து மூன்று ஷிப்ட் பார்த்துவிட்டேன். மெஷினைச் சுற்றிக் கம்பிக் கதவு இருக்கும், கேட் என்போம். கேட்டைத் திறந்தால் மெஷின் ஓடாது, அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. அந்த சுவிட்ச் கோளாறாகி, கேட் மூடியிருக்கும்போதே மெஷினைச் சும்மா சும்மா நிறுத்திக்கொண்டிருந்தது. நான் அதைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன். இனி கேட் திறந்திருந்தாலும் மெஷின் ஓடும். காலை ஏழரை மணிக்கு எனக்குக் கண் இருட்டியது. அடுத்த ஆள் வர இன்னும் அரை மணி. மெஷின் பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். ஒன்பது மணிக்குக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, சரோஜா உலுக்கி எழுப்பினாள்.

என் இடத்துக்கு வந்தவன் முருகேசன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், இருபத்திரண்டு வயதிருக்கும். எட்டரை மணிக்கு மெஷினை நிறுத்தி, கேட்டைத் திறந்து, துணி ரோலை அறுத்து எடுக்க உள்ளே கைவிட்டிருக்கிறான். அந்தப் பக்கம் நூல் கோன் மாற்றிக்கொண்டிருந்த பெண், நூல் அறுந்துதான் மெஷின் நின்றது என்று நினைத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள். சுவிட்ச் நல்ல சுவிட்சாக இருந்தால் மெஷின் ஓடியிருக்காது. வலது கையில் இரண்டு விரல் போனது.

சுவிட்ச் கெட்டுப்போயிருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். கூட்டத்தோடு கூட்டமாகக் கம்பியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவன் நான். முருகேசன் யாரையும் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஊருக்குப் போனான் என்று கேள்வி. நான் ஒரு தடவைகூட அவனைப் போய்ப் பார்க்கவில்லை. பயம், வேறென்ன.

சரி, கடலுக்கு வருகிறேன். மூன்றாம் நாள் நடுப்பகல். வெயில் கொளுத்துகிறது, இடது பக்கத்திலிருந்து சீராகக் காற்று, படகு வடக்கே போகிறது. தண்ணீர் உரசுகிற சத்தம் வழக்கம்போல மெஷின் ஓடுகிற சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அதோடு பஞ்சு வாசனை. சூடான எண்ணெயில் பஞ்சுத் தூசி கருகுகிற வாசனை இருக்கிறதே, நிட்டிங்கில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அது. நிமிர்ந்து பார்க்கிறேன், படகின் உள்ளறை வாசலில் முருகேசன் நிற்கிறான்.

கடலில் தூக்கமில்லாதவன் கண்டதையும் பார்ப்பான் என்று எனக்கும் தெரியும். அதற்கு முன்தினம் அலைமேல் ஒரு எருமையைப் பார்த்தேன், அது எருமை இல்லை என்று தெரிந்துதான் பார்த்தேன். இது அப்படி இல்லை. அதே இருபத்திரண்டு வயது, கை வைத்த பனியன், தலைமுடியெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு. வலது கையைச் சுக்கான் கட்டைமேல் வைத்தான். ஐந்து விரலும் இருந்தது. நான் எண்ணினேன்.

“நகருங்கண்ணே, நேரமாச்சு” என்றான்.

நீங்கள் நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி, எனக்கு அதில் ஆச்சரியமே வரவில்லை. ஷிப்ட் மாற்ற ஆள் வந்துவிட்டான் என்கிற நிம்மதிதான் வந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எப்படி நகர்வது?

“முருகேசா, கேட்டு சுவிட்ச்சைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கறேன். அது வேலை செய்யாது. ரோல் அறுக்கப் போனா மெயினை ஆப் பண்ணிட்டுத்தான் உள்ள கைய வெக்கோணும். மறந்தறாத கண்ணு. மெயினை ஆப் பண்ணிட்டு.”

“சரிண்ணே.”

“வடக்கயே புடி. கப்பல் வந்துதுன்னா வலது கைப் பக்கம் ஒதுங்கிப் போயிரு. அது போனதுக்கப்பறம் மறுபடியும் வடக்க வந்தரு.”

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவமாகப் பார்த்தான், அதை நன்றாகச் சொல்ல முடியும். “தூங்கி எத்தனை நாளாச்சுண்ணே?” என்றான். மூன்று என்று விரலைக் காட்டினேன். “விடுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்று அவன் வாயால் சொன்னான். நான் கையை எடுத்தேன், உள்ளே போனேன், விழுந்தேன்.

எழுந்தபோது படகு தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. வெளியே ஓடிவந்தேன். சுக்கானில் யாருமில்லை, கயிறும் கட்டவில்லை. பாய் நிறையக் காற்றோடு படகு வடக்கே போய்க்கொண்டிருந்தது. இடது பக்கம் ஒரு கப்பல் மேற்கே போகிறது, அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்த எழுத்தின் நிறம்கூடத் தெரிகிற தூரம். அது கிளப்பிவிட்ட அலையில்தான் என் படகு ஆடியது. நான் சுக்கானைப் பிடிப்பதற்குள் படகு இடது பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டது, பாய் படபடவென்று அடித்தது. யாரோ அந்த நொடியில்தான் கையை எடுத்த மாதிரி. மணி பார்த்தேன். நாலு மணி நேரம் தூங்கியிருந்தேன்.

போன வழியைக் கோடாகக் காட்டுகிற கருவி ஒன்று படகில் இருந்தது. அதில் அந்த நாலு மணி நேரமும் கோடு நேராக வடக்கே போகிறது. கடைசியில் ஒரு இடத்தில் வலது பக்கம் வளைகிறது, கப்பல் போகவேண்டிய வழியை விட்டுக்கொடுத்துச் சுற்றிக்கொண்டு மறுபடி வடக்கே வருகிறது. சுக்கானை விட்டால் இடது பக்கம் திரும்பி நிற்கிற படகு அது. கொச்சி வந்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபின் அந்தக் கோட்டை என் பையனிடம் காட்டினேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தான். “காத்து மாறியிருக்குமுங்கப்பா” என்றான். காற்று மாறினாலும் அப்படி வராது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. சரி என்றுவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகிவிட்டது. முருகேசனைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கடலில் யாரோ ஒருவனிடம் சொன்னது கணக்கில் சேராது, நிஜ முருகேசனிடம் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது, அந்தப் பயம் வேறு. பழைய ஆட்களிடம் விசாரித்ததில் தாராபுரத்தில் இருப்பதாகத் தெரிந்தது. திருப்பூர் வேஸ்ட் துணியை வாங்கி லாரிப் பட்டறைகளுக்குத் துடைக்கக் கொடுக்கிற வியாபாரம். பஸ் ஏறினேன். பொங்கலூரைத் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. இறங்கவில்லை.

கடை முன்னால் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, “அண்ணே, நீங்களா!” என்று கையைப் பிடித்தான். மூன்று விரல்தான் என் கையில் பட்டது. அதற்கு மேல் தள்ளிப்போட்டால் சொல்லமாட்டேன் என்று நின்றபடியே சொன்னேன்.

“முருகேசா, அந்த சுவிட்ச்சைக் கட்டுனது நாந்தான். உங்கிட்டச் சொல்லாமப் போயிட்டேன். உன்ற விரலு போனதுக்கு நாந்தான் காரணம்.”

அவன் சிரித்தான்.

“என்னண்ணே சொல்றீங்க? நீங்க சொல்லிட்டுத்தானே போனீங்க?”

அவன் என்னை மூட்டைமேல் உட்கார வைத்து, டீ சொல்லிவிட்டு, சாவகாசமாகச் சொன்னான்.

“எட்டு மணிக்கு நான் வரும்போது நீங்க மெஷின்கிட்டதான் நின்னீங்க. கேட்டு சுவிட்ச்சைக் கட்டியிருக்கு, மெயினை ஆப் பண்ணிட்டுக் கைய வையின்னு ரெண்டு தடவ சொன்னீங்க. நாந்தாண்ணே கேக்கல. உங்க கோலம் அப்படி இருந்துச்சு. ஒரே ராத்திரியில வயசாயிட்ட மாதிரி மொகம், தாடி, செருப்பில்ல, சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம், உதடு வெடிச்சு ரத்தம். மூணு ஷிப்ட் பாத்து, தலையில தண்ணிய ஊத்திக்கிட்டு நிக்கிறாருன்னு நெனச்சேன். கூடவே கப்பல் வந்தா வலப்பக்கம் ஒதுங்கிப் போன்னு வேற சொன்னீங்க. சரி, காய்ச்சல்ல உளர்றாருன்னு முடிவு பண்ணிட்டேன். சுவிட்ச்சப் பத்திச் சொன்னதையும் அதோட சேத்துட்டேன்.”

“முருகேசா, நான் அங்க இல்லவே இல்ல” என்றேன்.

“இருந்தீங்கண்ணே. நீங்க போனதுக்கப்புறம் மெஷினைச் சுத்தித் தண்ணி. யாருடா ஊத்துனதுன்னு சூப்பர்வைசர் என்னைத்தான் திட்டுனாரு. நான் துடைச்சேன். காஞ்ச எடமெல்லாம் உப்பு மாதிரி வெள்ளையாப் படிஞ்சு கெடந்துச்சு. நீங்க சொன்னீங்க, நான் பாத்துக்கிறேன்னு வாயால சொல்லிட்டேன். அப்புறம் உங்களக் குத்தம் சொல்ல எனக்கு என்னண்ணே பாத்தியத இருக்கு? அதான் நான் யாருகிட்டயும் பேசல.”

இருபது வருஷத்துக்கு மேலாக அவன் தன் விரல்களுக்குத் தன்னையே காரணமாக வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறான். நான் கொண்டுபோன மன்னிப்பை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. இரண்டு மூன்று தடவை மறுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவன் பெருந்தன்மையாகத் தலையாட்டினான், வயதாகி அண்ணனுக்கு மறந்துவிட்டது என்று நினைத்திருப்பான். எனக்கு அவன்மேல் கோபம்கூட வந்தது. கடலைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நினைப்பான்?

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் அந்தக் காலையைப் பற்றிக் கேட்டேன். “ஏழே முக்காலுக்கே வந்து கட்டில்ல உழுந்துட்டீங்க. எட்டு மணிக்குக் காப்பி கொண்டாந்து வெச்சுட்டு, எழுப்ப மனசில்லாம எடுத்துட்டுப் போனேனுங்க. ஏனுங்க, இப்ப எதுக்கு அது?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். படகைக் கொச்சியிலேயே ஒருவரிடம் தள்ளிவிட்டேன். அந்தக் கருவியில் கோடு இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பார்த்துவிட்டு எனக்கு எதையும் விளக்க வேண்டாம், கேட்கிற தெம்பு போய்விட்டது.

இதில் எது எப்படி நடந்தது என்று நான் யோசிப்பதை நிறுத்தி நாளாகிறது. ஒன்று மட்டும்தான் போக மாட்டேன் என்கிறது. தாராபுரத்தில் பஸ் ஏற்றிவிட வந்த முருகேசன், ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, நெடுநாள் கேட்க நினைத்ததைக் கேட்பதுபோலக் கேட்டான்.

“அன்னைக்கு நிக்கக்கூட முடியாம நின்னீங்களேண்ணே. போயி நல்லாத் தூங்குனீங்களா?”

தூங்கினேன் என்றேன். பொய்யில்லை, வீட்டிலும் தூங்கினேன், படகிலும் தூங்கினேன். இரண்டு தடவையும் அவனுடைய ஷிப்டில்தான் தூங்கினேன் என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவனுக்கு ரொம்பச் சந்தோஷம். பஸ் திரும்புகிறவரை கையை ஆட்டிக்கொண்டே நின்றான்.